ஊக்கும் ஊன்றுகோலும்

சென்ற தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை, மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், இருபத்திரண்டு வயது நிரம்பிய என் பேத்தி முதன்முறையாகத் தன்னந்தனியே மதுரைக்குப் பிரயாணப்படுவதற்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்க, வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் சுபாவத்துக்கேற்ப அவளுடைய க்ஷேமத்துக்கான ஏற்பாடுகளில் முனைந்திருந்தோம். வியாழக்கிழமை தெற்கே சூலம், அதற்குப் பரிகாரம் தைலம் என்று பஞ்சாங்கம் சொல்லுகிறபடியால், அவளுடைய பாட்டி உள்ளங்கையில் இரண்டு சொட்டு நல்லெண்ணெயை விட்டு, அன்று காலையில்தான் அலசி உலர்த்தியிருந்த அந்தத் தலையின் உச்சியில் வைத்து அழுத்தினாள். பிறகு மஞ்சள் துணியில் ஒன்றேகால் ரூபாயை முடிந்து ஏழுமலையான் படத்தின் முன் வைத்தாள். கால் ரூபாய்க் காசு 2011-ஆம் ஆண்டிலேயே செல்லாமற்போய்விட்டதைப் பற்றி அவளும் கவலைப்படவில்லை, பெருமாளும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பெண்ணின் தாயார் ஒரு காகிதத்தில் 112, 181, 139 என்ற மூன்று உதவி எண்களைப் பெரிதாக எழுதிக் கைப்பையில் செருகினாள். நான் என் பங்குக்கு மேஜை இழுப்பறையைத் துழாவி, பெரிய ஊக்கு ஒன்றை எடுத்து அவள் துப்பட்டாவின் ஓரத்தில் குத்திவிட்டேன். என் தமக்கை கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வந்த நாட்களில் ரவிக்கையின் உட்புறத்தில் அப்படி ஓர் ஊக்கை எப்போதும் வைத்திருப்பாள். நெரிசலில் எவனாவது வேண்டுமென்றே மேலே சாய்ந்தால் அது திறந்துகொள்ளும். இந்த நகரத்துப் பெண்கள் எந்தச் சாஸ்திரத்தையும் கேளாமல் தாமே கண்டுபிடித்துக்கொண்ட ஆயுதம் அது.

பேத்தி அந்த ஊக்கைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சாமி பாத்துக்கும்னு பாட்டி சொல்றாங்க. அப்புறம் இந்த ஊக்கு எதுக்கு தாத்தா?" என்றாள். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நான் அந்தக் கேள்வியிலிருந்து நழுவிக்கொண்டேன். ஆனால் எழும்பூரில் அவளை ஏற்றிவிட்டுத் திரும்பிய பிறகு, அன்றிரவு முழுவதும் கேள்வி என்னை விட்டு நழுவவில்லை.

கேள்வி விளையாட்டாகக் கேட்கப்பட்டதாயினும் அதன் உள்ளே ஒரு பழைய தர்க்கம் இருக்கிறது. ஈசுவரன் ரக்ஷிக்கிறான் என்பது மெய்யானால், நாம் செய்யும் ஜாக்கிரதை அவன்மீது நாம் கொள்ளும் அவநம்பிக்கையே அல்லவா? அன்றி, ஜாக்கிரதைதான் நம்மைக் காக்கிறது என்றால், மஞ்சள் துணி முடிச்சும் நல்லெண்ணெய்ச் சொட்டும் வெறும் அலங்காரம்தாமே? தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாயே வாயாற் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டியா என்று வைஷ்ணவப் பெரியோர்கள் வாதிட்ட வாதம் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் எத்தனையோ திண்ணைகளைத் தேய்த்திருக்கிறது. அந்த வாதத்தில் என் பேத்திக்கு உதவக்கூடியது எதையும் நான் கண்டதில்லை. இரண்டு உவமைகளிலும் தாய் கூடவே இருக்கிறாள். இவளோ தனியாகப் போகிறாள்.

தனியாகப் போவது என்பதே நம் முன்னோர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத விஷயம். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துவிபாஷியாக இருந்த ஏனுகுல வீராசாமி 1830-இல் காசி யாத்திரை புறப்பட்டபோது, பல்லக்கும் கூடாரமும் நூறு பேர் அடங்கிய பரிவாரமுமாகப் புறப்பட்டார். அதற்கெல்லாம் வெகு காலத்துக்கு முன்பு, புகாரிலிருந்து மதுரைக்கு நடந்த கோவலனுக்கும் கண்ணகிக்கும் கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி வழித்துணையாகச் சேர்ந்தார். வழித்துணை என்பது எவ்வளவு அருமையான பதம்! வேலூருக்கு அருகே விரிஞ்சிபுரத்தில் சிவபெருமானுக்கே அது திருநாமமாயிற்று. வழித்துணைநாதர் என்றும் மார்க்கபந்தீசுவரர் என்றும் அவரை வழங்குகிறார்கள். காஞ்சிக்குப் போகும் வழியில் கள்வர் பயத்தால் நடுங்கிய ஒரு மிளகு வியாபாரிக்கு, ஆயுதம் தாங்கிய குதிரை வீரனாகத் தோன்றி அவர் துணைவந்தார் என்பது தலபுராணம். மதுரைக்கு அருகே திருமோகூர்க் காளமேகப் பெருமாளையும் வழித்துணைப் பெருமாள் என்பார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அண்மையில், பல்லவன் சாலையில், புதிய வண்டி வாங்கியவர்களெல்லாம் கொண்டுவந்து நிறுத்தி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிச் செல்லும் முனீசுவரருக்கு ஜனங்கள் 'பாடிகாட்' என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். அந்தப் பெயரில் பக்தி குறைவென்று நான் நினைக்கவில்லை.

ஆனால் இந்தக் கதைகளை மட்டும் வைத்துக்கொண்டு, நம்பினவனுக்கு முன்யோசனை வேண்டியதில்லை என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு நான் திருமறைக்காட்டு நிகழ்ச்சியை நினைவூட்டுவேன். வேதாரணியம் என்று இன்று நாம் அழைக்கும் அத்தலத்தில் அப்பரும் சம்பந்தரும் சேர்ந்து தங்கியிருந்த காலத்தில், பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் அனுப்பிய தூது வந்தது. சம்பந்தர் மதுரைக்குப் புறப்பட எழுந்தார். அப்பரோ அவரைத் தடுத்து, அங்குள்ள சமணர்களின் கொடுமையைத் தாம் பட்டறிந்தவர் என்றும், கோள்களின் நிலையும் சரியில்லை என்றும் சொன்னார். அதற்கு மறுமொழியாகச் சம்பந்தர் பாடியதே கோளறு பதிகம். இன்றும் நம் வீடுகளில் யாராவது நெடும்பயணம் புறப்பட்டால் அதை ஓதுகிறார்கள். வியாழக்கிழமைச் சூலத்துக்கு எண்ணெய் வைத்த கையோடு, நாளும் கோளும் அடியார்களை ஒன்றும் செய்யா என்று அறுதியிட்டுக் கூறும் அந்தப் பதிகத்தையும் என் மனைவி ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள் என்பதை வாசகர்கள் அன்போடு மன்னிக்க வேண்டும். ஒன்று பலிக்காவிட்டால் மற்றொன்று பலிக்கட்டும் என்பது பாட்டிமார்களின் தத்துவம்.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் எல்லோரும் சம்பந்தருடைய தைரியத்தைக் கொண்டாடிவிட்டு அப்பரை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. அப்பர் யார்? சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் கிடந்து மீண்டவர், நஞ்சு கலந்த பாற்சோற்றை உண்டும் பிழைத்தவர், மதயானைக்கு அஞ்சாதவர், கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டும் கரையேறியவர். அருள் ரக்ஷிக்கும் என்பதை அவரைக் காட்டிலும் உடம்பால் அறிந்தவர் தமிழ்நாட்டில் வேறு யாருமில்லை. அப்படிப்பட்டவர்தாம், ஒரு பிள்ளை ஆபத்தான ஊருக்குப் புறப்படும்போது, 'வேண்டாம், இப்போது போகாதே' என்கிறார். தமக்கென்றால் அஞ்சாதவர் பிள்ளைக்கென்றால் அஞ்சுகிறார். அன்றியும் அவர் பயந்தது வீணாகவும் போகவில்லை. சம்பந்தர் மதுரையில் தங்கிய மடத்துக்கு இரவில் தீ வைத்தார்கள்! பதிகத்தின் பெருமையால் தீங்கு அவரை எட்டவில்லை என்று நாம் நம்புகிறோம். ஆயினும் தீ வைக்கப்பட்டது என்பதும் சேக்கிழாருடைய அதே புராணத்தில்தான் இருக்கிறது. சம்பந்தர் போனதும் பக்தி, அப்பர் தடுத்ததும் பக்தி. சேக்கிழார் இருவரில் ஒருவரையும் குறைத்துப் பேசவில்லை.

ஆகவே ஜாக்கிரதை என்பது நம்பிக்கைக்கு விரோதமன்று என்பது வரையில் என் மனத்துக்குத் தெளிவாயிற்று. கிரீன்வேஸ் சாலையிலுள்ள வசந்த விஹாரத்தில், 1986 ஜனவரியில் தம் கடைசிப் பிரசங்கத்தைச் செய்த ஜே. கிருஷ்ணமூர்த்திகூட, எந்தக் கடவுளிடத்திலும் எந்தக் குருவினிடத்திலும் மனம் பாதுகாப்பைத் தேடுவதைத்தான் இடைவிடாது கண்டித்தாரேயன்றி, உடம்புக்கு வேண்டிய பாதுகாப்பை ஒருபோதும் இகழ்ந்ததில்லை. இத்துடன் நான் தூங்கப்போயிருக்கலாம். ஆனால் பேத்தி ஆணாக இல்லாமற்போனது என்னை மேலும் விழித்திருக்கச் செய்தது.

நம் மரபில் தனியே வழி நடந்த பெண்கள் இல்லாமல் இல்லை. ஒளவைப் பாட்டியைச் சொல்லாத தமிழ்க் குழந்தை உண்டா? ஜெமினி நிறுவனத்தார் 1953-இல் எடுத்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஒளவையாராக நடித்ததைப் பார்த்தவர்கள் மயிலாப்பூரில் இன்னும் சிலர் இருக்கிறோம். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் எழுந்த சிலைகளுள் அவளும் ஒருத்தி. ஊர் ஊராகத் தடியூன்றித் திரிந்தாள்; வேந்தர்களிடமும் உழவர்களிடமும் ஒரே விதமாகப் பேசினாள்; அவளை எவனும் வழிமறிக்கவில்லை. ஏன் மறிக்கவில்லை என்பதற்குக் கதை ஒரு காரணம் சொல்லுகிறது. மணம் பேசவந்த காலத்தில் அந்தக் கன்னிப்பெண் விநாயகரை வேண்டி, தன் இளமையையும் அழகையும் திருப்பிக் கொடுத்துவிட்டு முதுமையை வாங்கிக்கொண்டாள். சிறுவயதில் இந்தக் கதையைக் கேட்டபோது விநாயகருடைய கருணையை எண்ணி வியந்தேன். இப்போது அதைக் கேட்டால் வயிற்றில் ஏதோ செய்கிறது. அறிவும் பக்தியும் வாக்கு வன்மையும் நிறைந்த ஒரு பெண், சாலையில் நிம்மதியாக நடப்பதற்காக, ஐம்பது வருஷ ஆயுளைக் கப்பமாகக் கட்ட வேண்டியிருந்தது!

காரைக்காலம்மையார் கதை இதனினும் கடுமையானது. பங்குனி மாதத்தில் எங்கள் கபாலீசுவரர் கோயில் அறுபத்து மூவர் விழாவின்போது, நாயன்மார் திருவுருவங்கள் மாட வீதிகளில் வரிசையாக வரும். அன்று அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் நின்றிருக்க அம்மையார் ஒருவரே அமர்ந்த கோலமாக வருவார். எலும்புருவம், கண்டால் குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புனிதவதி என்ற பெயருடைய அந்த வணிகர் மகள், கணவன் தன்னைத் தெய்வமென்று வணங்கி விலகிய பின்னர், அவனுக்காகச் சுமந்த அழகையெல்லாம் உதறிப் பேய் வடிவம் கேட்டுப் பெற்றாள். பிறகே கைலாயத்துக்குத் தனியே வழிக்கொண்டாள். வழியில் அவளைக் கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள் என்கிறார் சேக்கிழார். தனிவழிப் பெண்ணைக் கண்டு மற்றவர் அஞ்சி ஓடிய சாலை, எனக்குத் தெரிந்தவரையில், அது ஒன்றுதான். கைலை மலைமேல் காலால் மிதிக்கலாகாதென்று தலையால் நடந்துபோன அவளை, 'அம்மையே' என்று இறைவன் அழைத்தான். பக்தியின் உச்சியில் நிகழ்ந்த அந்த மகத்தான நிகழ்ச்சியைச் சாலைப் பாதுகாப்பு விவகாரமாகச் சுருக்கிவிடுவது அபசாரம் என்று சிலர் சொல்லக்கூடும், நான் சுருக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு கதைகளையும் பேத்தியிடம் உதாரணமாகச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. 'தனியே போக வேண்டுமா? கிழவியாகு, அல்லது பேயாகு' என்பது ஒரு தாத்தா சொல்லத்தக்க புத்திமதியன்று.

இனி, கூட்டத்திலே இருந்தால் பயமில்லை என்றும் சொல்ல முடியவில்லை. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி. நகர் பஸ் நிலையம் வரையில் 2023-இல் திறந்த ஆகாய நடைபாதையிலும் அருகேயுள்ள ரங்கநாதன் தெருவிலும் தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் எள் போட்டால் கீழே விழாது. அந்த நெரிசலில்தான் ஒலிபெருக்கியில் போலீசார் தொண்டை வறளக் கழுத்துச் சங்கிலியைப் பற்றி எச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். போனால் சங்கிலிதானே என்று அதை விட்டுவிடலாம். 2016 ஜூன் 24-ஆம் தேதி காலையில், நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், வேலைக்குப் போக வண்டிக்குக் காத்திருந்த ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். பொழுது நன்றாக விடிந்திருந்தது. பிளாட்பாரத்தில் ஆட்கள் இருந்தார்கள். கண்காணிப்புக் கேமரா ஒன்றும் அங்கே இருக்கவில்லை என்பது பிற்பாடு பெரிய பேச்சாயிற்று. தனிமை என்பது ஆளில்லாமையன்று. ஆட்கள் நடுவிலும் ஒருவர் தன்னந்தனியாக விடப்படலாம். அன்று அவளுடைய கைப்பையிலும் யாராவது ஒரு பாட்டி விபூதிப் பொட்டலம் வைத்திருக்கக்கூடும். இந்த இடத்தில் எந்தச் சித்தாந்தமும் எனக்குக் கைகொடுக்கவில்லை. கைகொடுக்கிறது என்று சொல்லுகிறவர்களோடு வாதிடவும் எனக்கு மனமில்லை. கர்ம வினை என்று சொல்லி எழுந்துபோகிறவர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை. இத்தகைய செய்தி வந்தவுடன் நம்மிற் பலர் கேட்கிற முதற் கேள்வியையும் கவனியுங்கள்: அந்த நேரத்தில் அவள் அங்கே எதற்காகப் போனாள்? யாரோடு பழகினாள்?

அந்தக் கேள்வியைத் தலைகீழாக்கிக் கேட்டவர் ஒருவர் நம் சமய வரலாற்றில் இருக்கிறார். சேரமான் பெருமாள் கொடுத்த பெருஞ்செல்வத்தோடு சுந்தரர் கொங்குநாட்டு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது, அவிநாசிக்கு அருகே திருமுருகன்பூண்டியில் வேடர்கள் மறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். அந்த வேடர்கள் சிவபெருமான் ஏவிய பூதகணங்களே என்பது புராணம் நமக்கு மட்டும் சொல்லும் ரகசியம். சுந்தரருக்கு அது தெரியாது. அவர் என்ன செய்தார்? இவ்வழியே ஏன் வந்தோம், இருட்டுவதற்குள் ஏன் ஊர் போய்ச் சேரவில்லை, இவ்வளவு பொருளை ஏன் வெளியே தெரியும்படி கொண்டுவந்தோம் என்று தம்மையே நொந்துகொள்ளவில்லை. நேரே கோயிலுக்குப் போனார். வழிப்பறிக்காரர்கள் ஆறலைத்துக் கூறைபறிக்கும் இந்த ஊரில், எம்பெருமானே, நீர் எதற்காகக் குடியிருக்கிறீர் என்று பாட்டுக்குப் பாட்டு கேட்டார். ஊருக்கு உடையவரைப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்வியை உடையவரைப் பார்த்தே கேட்டார். பறிபோன பொருளெல்லாம் கோயில் வாயிலில் வந்து குவிந்தது. இதை நிந்தை என்று ஒருவரும் சொல்லவில்லை. தேவாரம் என்று சொல்லி ஏழாந் திருமுறையில் வைத்திருக்கிறோம்.

அதே சுந்தரருடைய வாழ்வில் மற்றொரு நிகழ்ச்சி சென்னைக்கு இன்னும் அண்மையானது. தாம் மணந்த சங்கிலியாருக்கு, பிரியேன் என்று கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் அவருக்கு இரு கண்களும் மறைந்தன. தடுமாறிக்கொண்டே திருவெண்பாக்கம் வந்து, இக்கோயிலில் நீர் இருக்கிறீரா என்று கேட்டார். தாம் இருப்பதாகவும் அவர் தம் வழியே போகலாம் என்றும், யாரோ அயலார்போல உள்ளிருந்து பதில் வந்தது. கண் கிடைக்கவில்லை, ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. கோபத்தில் அவர் அதை வீசியெறிய, அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பார்கள். அப்போது அம்பிகை மின்னலாகி வழி காட்டினாள். அதனால் அவளுக்கு மின்னொளியம்மை என்று பெயர். இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் திருவாரூரிலும் பிறகுதான் கிடைத்தன. சத்தியமூர்த்தி அவர்கள் சென்னை மேயராக இருந்தபோது தொடங்கி 1944-இல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்தில் பழைய கோயில் இருந்த இடம் மூழ்கிவிட்டது. மூர்த்திகளைப் பூண்டிக்குக் கொண்டுவந்து புதிய கோயில் எழுப்பினார்கள். கொம்பொடிந்த நந்தியும் கோலூன்றிய சுந்தரரும் அங்கே இருக்கிறார்கள். நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு திருவெண்பாக்கத்தின் மேல் நின்ற தண்ணீர்!

அருள் என்பது ஆபத்தே நேராமல் தடுப்பது என்றுதான் நான் இத்தனை காலமும் எண்ணிவந்தேன். திருவெண்பாக்கத்தில் அது ஒரு மரத்தடியாக வந்திருக்கிறது. தட்டித் தட்டி நடப்பது நடப்பவருடைய வேலையாகவே விடப்பட்டிருக்கிறது. கோலை அவநம்பிக்கை என்று சுந்தரர் மறுக்கவில்லை. போதாது என்றுதான் வீசினார். போதாது என்று கோபித்துக்கொள்ளும் உரிமையும் பக்தனுக்கு உண்டென்றே நந்தி இன்னும் ஒற்றைக் கொம்போடு உட்கார்ந்திருக்கிறது. பேத்தியின் துப்பட்டாவில் நான் குத்திய ஊக்கும் அந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். அது சாமி கொடுத்ததா, தாத்தா கொடுத்ததா என்பதை அவள் தீர்மானித்துக்கொள்ளட்டும். ஆனால் அது போதாது என்பதை நாங்கள் இருவரும் அறிந்திருக்க வேண்டும்.

அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சௌக்கியமாகத் திரும்பிவந்தாள். வண்டியில் எதிர் வரிசையில் இருந்த ஒரு திருமங்கலத்து அம்மாள் இரவு முழுவதும் இவளைத் தன் பார்வையிலேயே வைத்திருந்தாளாம். இட்லி மிளகாய்ப் பொடியும் பகிர்ந்துகொண்டாளாம். ஊக்கைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. "கடைசில நம்ம ஸ்டேஷன் படியில எறங்கறப்பதான் தாத்தா பயமா இருந்தது" என்றாள்.

அவள் சொன்ன படிக்கட்டை எனக்குத் தெரியும். நகரத்துக்குள்ளேயே உள்ள ஒரு பெரிய நிலையம், பெயர் வேண்டாம். மேலே பிளாட்பாரத்திலிருந்து சாலைக்கு இறங்குவதற்குள் இரண்டு திருப்பங்கள். இரண்டாவது திருப்பத்தில் விளக்கு எரிவதில்லை. விடியற்காலையில் வரும் வண்டிகளிலிருந்து பூ விற்கும் பெண்களும் வீட்டுவேலைக்கு வரும் பெண்களும் அந்த இருட்டில் சுவரைத் தொட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். மறுநாள் நான் டார்ச் விளக்கோடு போய், எரியாத குழல்விளக்குகளை எண்ணி, நான்கு என்று குறித்துக்கொண்டுவந்து, சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். இருபது நாளில் இரண்டு விளக்குகள் எரிந்தன. மீதி இரண்டுக்காக இப்போது இரண்டாவது கடிதம் எழுதியிருக்கிறேன். நீங்கள் இறங்கும் நிலையத்திலும் அப்படி ஒரு திருப்பம் இருக்குமாயின், தயவுசெய்து இன்றைக்கே ஒரு கார்டு போடுங்கள்.